நாய் கடிச்சா, பூனை பிறாண்டினா: முதல்ல சவுக்காரம், அடுத்தது ஆஸ்பத்திரி

போன வருசம் சிறுபோகம் வெட்டி நெல்லு காயப்போட்டிருந்த நேரம் நடந்தது. தங்கச்சின்ர மோனுக்கு எட்டு வயசு, பக்கத்து வளவிலை ஆரோ சந்தையடியிலை இருந்து தூக்கிக்கொண்டு வந்த குட்டி நாயோடை விளையாடப் போனவன், பெருவிரல்லை கடி வாங்கிக்கொண்டு வந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொன்னா அம்மா அடிப்பா எண்ட பயம். ரெண்டாம் நாள் பின்னேரம் கிணத்தடியிலை குளிக்க வாக்கேக்கைதான் தங்கச்சி கண்டது, ரெண்டு சின்னப் பல்லுத் தடம், காஞ்சு கறுத்துப்போய், பாத்தா முள்ளுக் குத்தின மாதிரி. உடனை வீட்டிலை மாநாடு. ஆச்சி சொல்லுறா குட்டி நாய்க்கு விசம் இல்லை, கொஞ்சம் கோப்பித்தூள் வைச்சாக் காணும் எண்டு. மச்சான் சொல்லுறார் நெல்லை ஏத்தி அனுப்பிப்போட்டு திங்கக்கிழமை பாப்பம் எண்டு. பெரியப்பா ஒராள் பரியாரியாரைக் காட்டி ஒருக்கா மந்திரிச்சுப் பார்வை பாத்தா மனசுக்கு நிம்மதி எண்டு. எல்லாரும் அவனிலை அன்பானவைதான், ஆனா மூண்டு பேர் சொன்னதும் பிழை, அண்டைக்கு இரவே பொடியனை மோட்டச்சைக்கிள்ளை ஏத்திக்கொண்டு போனதாலை இண்டைக்கு இதை ஆறுதலா இருந்து எழுதுறன்.

நான் டொக்டர் இல்லை, முல்லைத்தீவிலை ஒட்டுசுட்டான் பக்கம் மாடு வளர்க்கிற ஆள். ஆனா அந்த ஒரு மாசம் ஊசிக்கு அலைஞ்சதிலை டொக்டர்மாரையும் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவையும் கேட்டுக் கேட்டு கனக்க விளங்கிக்கொண்டன். எங்கட பக்கத்துச் சனத்துக்கு ஏத்த மாதிரி இதை ஒருத்தரும் எழுதேல்லை எண்டு பட்டது.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. விசர்நாய்க்கடி, நீர்வெறுப்பு நோய், ரேபிஸ் எல்லாம் ஒண்டுதான். இது பாம்பு விசம் மாதிரி ரத்தத்திலை ஓடுற சாமான் இல்லை, வைரஸ். விசர் பிடிச்ச மிருகத்தின்ர எச்சில்லை இருக்கும், கடிச்ச இடத்திலை உள்ளுக்கை போய் நரம்பைப் பிடிச்சு, நரம்பு வழியா மெல்ல மெல்ல மூளைக்கு நடக்கும், ஒரு நாளைக்கு மில்லிமீற்றர் கணக்கு, கூடிப்போனா சில சென்ரிமீற்றர். அதாலைதான் கடிச்சு அநேகமா ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பிறகு வருத்தம் காட்டுது, சில பேருக்கு ஒரு கிழமையிலையும் வரும், சில பேருக்கு ஒரு வருசம் தாண்டியும் வரும். மூளைக்குப் போய்ச் சேந்து தண்ணியைக் கண்டா தொண்டை இறுகுறது, காத்துப் பட்டாலும் துடிக்கிறது எண்டு தொடங்கினாப் பிறகு கொழும்புக்குக் கொண்டு போனாலும் சரி லண்டனுக்குக் கொண்டு போனாலும் சரி ஆளைக் காப்பாத்த ஏலாது, தப்பினவையை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணலாம். ஆனா அது நடந்து போய்ச் சேர முதல் ஊசி போட்டு உடம்பிலை எதிர்ப்புச் சக்தி வந்திட்டா, வருத்தமே வராது. அது நடக்குது, நாங்கள் மோட்டச்சைக்கிள்ளை போறம், முந்தலாம். ஆனா வெளிக்கிட வேணும்.

இப்ப செய்ய வேண்டியது. கடிச்ச உடனை, அந்த இடத்திலையே, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறதுக்கும் முதல், காயத்தை சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியிலை 15 நிமிசம் கழுவ வேணும். ஒருக்கா ஊத்தித் துடைச்சுப்போட்டு சரி எண்டுறது இல்லை, முழுசா 15 நிமிசம். போன்ல ரைமர் வையுங்கோ, இல்லாட்டி ரேடியோவிலை மூண்டு நாலு பாட்டு முடியட்டும். எந்தச் சவுக்காரமும் சரி, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியும் சரிதான், வாசச் சவுக்காரம் தேடி கடைக்கு ஓடாதேங்கோ. இந்த வைரசைச் சுத்தி கொழுப்பிலை ஒரு கோது இருக்கு, சவுக்காரம் அந்தக் கோதை உடைச்சுப்போடும், கொரோனா நேரம் கையைக் கழுவு கழுவு எண்டு சொன்ன அதே காரணம்தான்.

பைப் தண்ணி இல்லாத வீடுகள்தான் இஞ்சை கூட, அது பிரச்சினை இல்லை. ஒராள் செம்பாலையோ கப்பாலையோ மேலை இருந்து ஊத்திக்கொண்டே இருக்க மற்ற ஆள் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறது, நுரை போக ஊத்துறது, திரும்பவும் போடுறது. கோடையிலை கிணறு வத்தி பவுசர் தண்ணியை அளந்து பாவிக்கிற காலத்திலை எண்டாலும் இந்த ஒரு விசயத்துக்குத் தண்ணியிலை கஞ்சத்தனம் பாக்காதேங்கோ. வாளித் தண்ணிக்குள்ளை கையை ஊறப் போடுறது கழுவினதாகாது, காயத்துக்கு மேலாலை ஓடிப் போக வேணும். பல்லு ஆழமாப் போயிருந்தா அந்த ஓட்டைக்குள்ளையும் தண்ணி போற மாதிரி கழுவுங்கோ, ஆனா பிறஸ் போட்டு உரஞ்சி புதுசா ரத்தம் வரப் பண்ண வேண்டாம். பிள்ளை கத்தும், எரியுது எண்டும், பாவம் எண்டு விட்டிடாதேங்கோ. கழுவி விடுற ஆளின்ர கையிலை வெட்டுக் காயம், மண்வெட்டி பிடிச்ச கொப்புளம் ஏதும் இருந்தா ஒரு சொப்பிங் பாக்கை கையிலை மாட்டிக்கொண்டு கழுவுங்கோ. எச்சில் கண்ணிலையோ வாயிலையோ தெறிச்சிருந்தா சவுக்காரம் வேண்டாம், வெறும் தண்ணியாலை கனநேரம் அலம்புங்கோ.

கழுவி முடிய வீட்டிலை பொவிடோன் அயடின் இருந்தா பூசலாம், இல்லாட்டி ஸ்பிரிட். ரெண்டும் இல்லாட்டி ஒண்டும் வேண்டாம். சீலையாலை இறுக்கிச் சுத்திக் கட்டாதேங்கோ, திறந்தபடி விடுங்கோ. ரத்தம் நிக்காமல் வந்தா மட்டும் சுத்தமான துணியாலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. பொடியன்ர காயத்தை நாங்கள் ரெண்டாம் நாள்தான் கழுவினது, அப்பிடிப் பிந்தினாலும் கழுவத்தான் வேணும், காஞ்சு போச்சே இனி என்னத்துக்கு எண்டு விடக்கூடாது.

வைக்கக்கூடாத சாமானுகள் எண்டு எழுதினா ஒரு பலசரக்குக் கடை லிஸ்ட் வரும். கோப்பித்தூள், மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணி, பச்சிலை, சாம்பல், எல்லாத்தையும் எங்கட பக்கம் ஆரோ ஒராள் வைச்சிருக்கினம், நான் சின்ன வயசிலை மிளகாய்த்தூள் வைச்சுக் கட்டின ஒராளைக் கண்ணாலை கண்டனான், அந்த மனுசன் கத்தின கத்து இப்பவும் காதுக்கை நிக்குது. இதெல்லாம் தோலைப் புண்ணாக்கி வைரஸ் உள்ளுக்கை போறதுக்கு வழி வெட்டிக் குடுக்கிற வேலை. பார்வை பாக்கிறது, நூல் கட்டுறது, வேப்பிலை அடிக்கிறதாலை காயத்துக்கு நேரடியாக் கெடுதி இல்லைத்தான், ஆனா அது ஒரு பகலைத் திண்டிடும், சனமும் அதோடை சரி எண்டு வீட்டை போயிடும். ஆச்சியை நான் எதிர்த்துக் கதைக்கேல்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்தாப் பிறகு கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, நூலும் கட்டுங்கோ எண்டு சொல்ல அவவும் சரி எண்டிட்டா. ஊரிலை அப்பிடித்தான் சமாளிக்க வேணும்.

அடுத்தது எதுக்கு ஊசி, எதுக்கு வேண்டாம் எண்டுறது. நாயைத் தடவினது, சாப்பாடு வைச்சது, காயம் ஒண்டும் இல்லாத நல்ல தோலிலை நக்கினது, இதுக்கெல்லாம் ஊசி தேவையில்லை, கையைக் கழுவினாக் காணும். பல்லுப் பட்டு தோல் கீறுப்பட்டாலோ, ரத்தம் வராட்டியும் பிறாண்டல் இருந்தாலோ ஊசி வேணும். தோலைத் துளைச்சு ரத்தம் வந்த கடி, ஏற்கனவே இருந்த புண்ணிலை நக்கினது, கண் வாய் மூக்குக்குள்ளை எச்சில் பட்டது எண்டா அது பெரிய கணக்கு, ஊசியோடை வேறை ஒரு மருந்தும் வேணும், அதைப் பிறகு சொல்லுறன். காயத்தின்ர அளவை வைச்சுக் கணக்குப் பாக்காதேங்கோ. பெரிய காயம் பட்டவன் பயத்திலை தானா ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், சின்னக் கீறல்காரன்தான் வீட்டிலை இருந்து ஏமாறுறது. தலை, முகம், கழுத்து, விரல் நுனி இந்த இடங்களிலை கடிச்சா சின்னனோ பெரிசோ ஒரு மணித்தியாலம் கூடப் பிந்தக்கூடாது, தலைக்குக் கிட்ட எண்டா நரம்பு வழி கட்டை, விரல் நுனியிலை நரம்பு கூட. பிள்ளையள் நாயின்ர உயரத்திலை நிக்கிறதாலை அதுகளுக்கு முகத்திலைதான் கூடக் கடிபடுறது. உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி உலகம் முழுக்க வருசத்துக்கு 59,000 பேர் அளவிலை இந்த வருத்தத்திலை சாகினம், அதிலை நூற்றுக்கு 40 பேர் 15 வயசுக்குக் கீழை.

நாய் மட்டும்தான் எண்டும் நினைக்காதேங்கோ. நூற்றுக்கு 99 நாயாலைதான் ஆளுக்கு வாறது, ஆனா பாலூட்டுற எந்தப் பிராணிக்கும் இது பிடிக்கும். பூனை, எங்கட காட்டுக் கரையிலை நரி, கீரி, முகட்டிலை ஓடுற மரநாய், குரங்கு, ஆடு, மாடு எல்லாத்துக்கும் வரலாம். பகல்லை பயமில்லாமல் முத்தத்துக்கு வாற நரியோ, கலைச்சாலும் போகாமல் நிக்கிற கீரியோ சாதாரணம் இல்லை, பிள்ளையளை உள்ளுக்கை கூப்பிடுங்கோ. பூனை தன்ர காலை நக்கிக்கொண்டே இருக்கிற சாதி, அதாலை பூனைப் பிறாண்டலையும் விளையாட்டா எடுக்காதேங்கோ. வீட்டெலி, அணில் கடிச்சா பொதுவா இந்த ஊசி போடுறேல்லை, ஆனா ஏற்பு (டெட்டனஸ்) ஊசி தேவைப்படலாம், எதுக்கும் ஒருக்கா காட்டுங்கோ. பாம்புக்கும் கோழிக்கும் இந்த வருத்தம் இல்லவே இல்லை.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேணும், ஏனெண்டா பட்டி வைச்சிருக்கிற எங்களுக்குத்தான் அது. காட்டுக்கை மேயப் போன மாடு நரியிட்டையோ விசர் நாயிட்டையோ கடி வாங்கியிருக்கும், ஆருக்கும் தெரியாது. கிழமைக் கணக்கு மாசக் கணக்கு போய் அது தின்னாமல் குடிக்காமல் வாயாலை வீணி வடிச்சுக்கொண்டு நிக்கும், தொண்டை அடைச்ச மாதிரி ஒரு வித்தியாசமான குரல்லை கதறும். எங்கட ஆக்கள் என்ன செய்வினம்? பனங்கொட்டை சிக்கிப் போச்சு எண்டு வாயைப் பிளந்து முழங்கை மட்டும் கையை விட்டுத் தேடுவினம். நானும் முந்தி விட்டிருக்கிறன், நல்ல காலம் அண்டைக்கு உண்மையிலையே பனங்கொட்டைதான் இருந்தது. மாடு வீணி வடிச்சா கையை விடாதேங்கோ, மிருக வைத்தியருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ, விட்டாச்சு எண்டா அந்தக் கையையும் நாய் கடிச்ச கை மாதிரித்தான் பாக்க வேணும், 15 நிமிசம் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரி. அப்பிடிப்பட்ட மாட்டை வெட்டி இறைச்சி பங்கு போடுற கதையும் வேண்டாம், வெட்டுறவன்ர கையிலை ஒரு கீறல் இருந்தாக் காணும். பால் குடிச்சிட்டம் எண்டு கனபேர் அடிச்சுப் பிடிச்சு ஓடுறவை, காய்ச்சின பால் எண்டா பயப்பிட ஒண்டும் இல்லை, கொதியிலை வைரஸ் செத்திடும். காய்ச்சாமல் குடிச்சிருந்தா டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.

சரி, ஆஸ்பத்திரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு இடத்திலையும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கு, அதோடை மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலையள். அரசாங்க ஆஸ்பத்திரியிலை இந்த ஊசிக்குக் காசு இல்லை, ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. கிட்ட இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பிழை இல்லை, அவை பாத்து பெரிசுக்கு அனுப்புவினம், ஆனா போக முதல் ஒரு கோல் எடுத்து ஊசி கைவசம் இருக்கோ எண்டு கேட்டா ஒரு பயணம் மிச்சம். எங்களுக்கு அதுதான் நடந்தது, முதல் போன இடத்திலை அண்டைக்கு மருந்து இல்லை எண்டு விடிய வரச் சொல்லிச்சினம், நான் விடியும் மட்டும் நிக்கேல்லை, துண்டை வாங்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு விட்டன். நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ. இரவெண்டாலும் ஞாயிறெண்டாலும் போயா எண்டாலும் பெரிய ஆஸ்பத்திரியிலை அவசர சிகிச்சைப் பிரிவு திறந்துதான் இருக்கும், ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) பூட்டு எண்டு திரும்பி வராதேங்கோ. முகத்திலை பெரிய கடி, ரத்தம் கூட எண்டா 1990 அடிச்சா அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம்.

டொக்டர் கேப்பார், என்ன மிருகம், வளர்ப்போ கட்டாக்காலியோ, எப்ப கடிச்சது, சும்மா நிக்கேக்கை வந்து கடிச்சதோ நீங்கள் சேட்டை விட்டதாலை கடிச்சதோ, அதுக்கு ஊசி போட்டிருக்கோ, இப்ப அது எங்கை. மறைக்காமல் சொல்லுங்கோ. அயல் வீட்டுக்காரரோடை பிரச்சினை வந்திடும் எண்டு கட்டாக்காலி எண்டு பொய் சொல்லுற ஆக்களும் இருக்கினம், சொந்த நாய்க்கு ஊசி போடாமலே போட்டது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், ரெண்டுமே டொக்டரைப் பிழையான முடிவுக்குத் தள்ளும்.

ஊசி எண்ட உடனை தொப்புளைச் சுத்தி போடுறது எண்டு இப்பவும் பயப்பிடுகினம், எங்கட அப்பாவும் அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களை நாய்களிட்டை இருந்து தள்ளி வைச்சவர். அது செம்மறி, ஆட்டு மூளையிலை செய்த பழைய மருந்து, நாள் தவறாமல் வயித்திலை ஏத்துறது, அந்தக் காலம் போய் கனகாலம். இப்ப ஏ.ஆர்.வி எண்டு சொல்லுற ஊசி, ரெண்டு புயத்திலையும் தோலுக்குள்ளை ஒரு சொட்டுத்தான், நுளம்பு கடிச்ச மாதிரி ஒரு சின்னத் தடிப்பு வரும். எங்கட பொடியன் அழக்கூட இல்லை. எங்கட நாட்டிலை வழமையா முதல் நாளை 0 எண்டு வைச்சு 0, 3, 7, 30 எண்டு நாலு தரம் போடுவினம், உங்களுக்கு என்ன கணக்கு எண்டுறதை கார்ட்டிலை எழுதித் தருவினம், அந்தத் திகதிதான் வேதவாக்கு. லூயி பாஸ்டர் செய்த ஊசியை 1885 ஆடி 6இலை பாரிசிலை, நாய் கண்டபடி கடிச்ச ஒன்பது வயசுப் பொடியனுக்குப் போடத் தொடங்கிச்சினம், அவன் தப்பினான். அதுக்கு இப்ப 140 வருசம் அளவு, இன்னும் நாங்கள் கோப்பித்தூள்ளை நிக்கிறம்.

ரத்தம் வந்த கடிக்கு வேறை மருந்தும் இருக்கு எண்டு சொன்னன் எல்லே, அது இம்யூனோகுளோபுலின். ஊசி போட்டு உடம்பு தானாச் சக்தியை உண்டாக்க ஒரு கிழமை பத்து நாள் எடுக்கும், அது மட்டும் காவலுக்கு வெளியிலை இருந்து ரெடிமேட்டா ஏத்துற சக்தி இது. காயத்துக்குள்ளையும் காயத்தைச் சுத்தியும்தான் ஏத்துவினம், அது நோகும், உண்மையைச் சொல்லுறன், விரல்லை போடேக்கை பொடியன் ஆஸ்பத்திரியே கேக்கக் கத்தினவன், நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு நிண்டன். உடம்பு நிறையைப் பாத்துத்தான் அளவு. குதிரையிலை இருந்து எடுக்கிற வகை எண்டா ஒத்துக்கொள்ளுதோ எண்டு முதல்ல கையிலை சின்னனா டெஸ்ட் பண்ணிப் பாப்பினம், போட்டாப் பிறகும் கொஞ்ச நேரம் வைச்சுப் பாப்பினம், அவசரப்பட்டு எழும்பி வந்திடாதேங்கோ. முதல் ஊசியோடை சேத்துப் போட வேண்டிய சாமான் இது, முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்தா பிரயோசனம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிந்தப் பிந்த இந்தக் காவலும் பிந்தும், அதாலைதான் திங்கக்கிழமை பாப்பம் எண்ட கதையிலை எனக்குக் கோவம் வந்தது. இன்னொண்டு, காயத்தை உடனை தைக்கச் சொல்லி டொக்டரோடை சண்டை பிடிக்காதேங்கோ, இது போட முதல் தைக்கக்கூடாது, வடு வரும் எண்டு பாத்தா ஆள் மிஞ்சாது.

ஊசி போடுற காலத்திலை பத்தியம் ஒண்டும் இல்லை. மீன் சாப்பிடலாமோ, முட்டை சாப்பிடலாமோ, தலை முழுகலாமோ எண்டு அக்கா ஒராள் என்னை ஒரு மாசமாக் கேட்டுக்கொண்டே இருந்தா, எல்லாம் செய்யலாம். பிள்ளைத்தாச்சியும் போடலாம், பால் குடுக்கிற தாயும் போடலாம், போடாமல் விடுறதுதான் ஆபத்து. வேறை வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீங்கள் எண்டா, முக்கியமா ஸ்ரீரொயிட் மாதிரி, அதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. போட்ட இடம் கடிக்கும், லேசாக் காய்ச்சல் காயும், பனடோல் காணும். வற்றாப்பளைப் பொங்கல் எண்டாலும் மடுத் திருவிழா எண்டாலும் ஊசித் திகதியை மாத்தாதேங்கோ. தப்பித் தவறி ஒரு திகதி விட்டுப்போச்சு எண்டா இனி முதல்ல இருந்து தொடங்க வேணும் எண்டு பயந்து பேசாமல் இருக்காதேங்கோ, அடுத்த நாளே போங்கோ, விட்ட இடத்திலை இருந்து போடுவினம். முந்தி ஒருக்கா முழுசாப் போட்ட ஆள் எண்டா பழைய கார்ட்டைக் கொண்டு போங்கோ, ஊசி குறையும். கடிச்சு ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகிப்போச்சு, ஒண்டும் போடேல்லை, இப்பதான் இதை வாசிக்கிறீங்கள் எண்டா, வருத்தம் தொடங்காத மட்டும் பிந்தேல்லை, இண்டைக்கே போங்கோ.

இனி நாயின்ர பக்கம். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் வீட்டிலை நிக்கிற பெடியள் பொல்லோடை வெளிக்கிட்டு அந்த நாயின்ர மண்டையைப் பிளக்கிறதுதான் எங்கட வழமை. செய்யாதேங்கோ. வீட்டு நாயோ தெரிஞ்ச நாயோ எண்டா கட்டி வைச்சு, சாப்பாடும் தண்ணியும் குடுத்து, 14 நாள் பாக்க வேணும். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் எண்டு சொல்லுறது, எங்கட நாட்டிலை 14. அதின்ர கணக்கு என்னெண்டா, கடிக்கேக்கை எச்சில்லை வைரஸ் இருந்திருந்தா அந்த நாய் இந்த நாளுக்குள்ளை கட்டாயம் வருத்தம் காட்டிச் செத்திடும். 14 நாள் தாண்டியும் வாலை ஆட்டிக்கொண்டு நிண்டா அந்தக் கடியிலை ஆபத்து இல்லை, மிச்ச ஊசியை நிப்பாட்டிறதோ இல்லையோ எண்டு டொக்டர் சொல்லுவார். ஆனா நாயைப் பாத்துக்கொண்டு இருந்து, செத்தாப் போடுவம் எண்டு ஊசியைப் பிந்தப் போடுறது வேறை கதை, அது கூடாது. நாய்க்குக் குறைஞ்சது ரெண்டு தரம் தடுப்பூசி போட்டு, கடைசி ஊசி ஒரு வருசத்துக்குள்ளை போட்ட கார்ட்டும் கையிலை இருந்து, நாயும் நல்ல சுகமா நிண்டா டொக்டர் பொறுத்துப் பாப்பம் எண்டு சொல்லக்கூடும். அதை அவர் சொல்ல வேணும், நாங்கள் இல்லை.

எங்கட பொடியனைக் கடிச்ச குட்டிக்கு என்ன நடந்தது தெரியுமோ, நாங்கள் ஆஸ்பத்திரியாலை வர முதல் அந்த வீட்டுக்காரர் பிரச்சினை வரும் எண்டு உரபாக்கிலை போட்டுக் கொண்டுபோய் காட்டுக்கரையிலை விட்டிட்டினம். அது விசரோ இல்லையோ எண்டு இனி ஆருக்கும் தெரியாது, அதாலை நாலு தரமும் போட்டு முடிக்க வேண்டி வந்தது, விசர் எண்டா அது அங்கை இன்னும் எத்தினையைக் கடிச்சுதோ. குட்டிக்கு விசர் வராது எண்டுறது சுத்தப் பொய், தாய் நாயிட்டை இருந்தோ வேறை நாயிட்டை இருந்தோ ஒரு கடி வாங்கினாக் காணும்.

கட்டி வைச்ச நாயிலை என்னத்தைப் பாக்கிறது? வாலைத் தொங்கப் போட்டு நாக்கைத் தொங்கப் போட்டு கண்டதையெல்லாம் கடிச்சுக்கொண்டு ஓடுறதைத்தான் விசர் எண்டு எல்லாருக்கும் தெரியும், கல்லையும் கட்டையையும் கூடக் கடிக்கும். தெரியாதது மற்ற வகை, ஊமை விசர். அந்த நாய் கட்டிலுக்குக் கீழை, விறகுக்குப் பின்னாலை இருட்டிலை போய்ப் படுக்கும், கூப்பிட்டா வராது, கீழ்த்தாடை தொங்கும், வீணி வடியும், விழுங்க ஏலாது, குரல் மாறும், பின்னங்கால் இழுபடும். அதைப் பாத்து எலும்பு சிக்கிப் போச்சு எண்டு வாய்க்குள்ளை கையை விடுறது மாட்டுக் கதை மாதிரித்தான். விசர் நாய் தண்ணிக்குப் பயப்பிடும் எண்டு வாளித் தண்ணியைக் காட்டிச் சோதிக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன், நாய்க்கு அந்தப் பயம் இல்லை, அது மனுசருக்கு வாற குணம், விசர் நாய் வாய்க்காலை நீந்திக் கடந்தும் போகும்.

14 நாளுக்குள்ளை நாய் செத்தாலோ காணாமல் போனாலோ உடனை ஊசி போட்ட இடத்துக்கும் பி.எச்.ஐக்கும் சொல்லுங்கோ. செத்த நாயின்ர தலையைச் சோதிச்சா விசரோ இல்லையோ எண்டு நிச்சயமாச் சொல்லுவினம், கொழும்பு பொரளையிலை இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலை அந்தச் சோதனை செய்யினம். மூளையைத்தான் பாக்கிறது, அதாலைதான் மண்டையிலை அடிக்க வேண்டாம் எண்டு சொல்லுறன். நீங்களா வெட்டாதேங்கோ, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்கோ மிருக வைத்தியருக்கோ சொன்னா அவை வழி சொல்லுவினம், ஒழுகாமல் கட்டி ஐஸ் போட்டுக் கெதியா அனுப்ப வேண்டிய சாமான், புதைச்சு ரெண்டு நாளைக்குப் பிறகு கிண்டி எடுத்து வேலை இல்லை. வெறுங்கையாலை தொடவும் வேண்டாம். சோதனைக்குத் தேவையில்லை எண்டா ஆழமா வெட்டித் தாட்டுப்போடுங்கோ, குளத்திலையோ வாய்க்காலிலையோ எறியாதேங்கோ.

சொந்த நாய் வைச்சிருக்கிற ஆக்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா ஊசி. எங்கட நாட்டிலை விசர் நாய்ச் சட்டம் 1893இலேயே வந்திட்டுது, 1973இலை இலங்கை முழுக்க 377 பேர் இதாலை செத்தவை, இப்ப அது வருசத்துக்கு இருபது முப்பது அளவிலை குறைஞ்சு போனதுக்கு நாய்களுக்குப் போட்ட ஊசிதான் பெரிய காரணம். பி.எச்.ஐ ஊர் ஊரா ஒலிபெருக்கி கட்டி திகதி சொல்லிக்கொண்டு வருவார், பள்ளிக்கூடத்தடியிலையோ சனசமூக நிலையத்தடியிலையோ இலவசமாப் போடுவினம். அண்டைக்கு வயலுக்குப் போற ஆக்கள் ஆரும் பெரியவையை வீட்டிலை விட்டுப்போட்டுப் போங்கோ, சின்னப் பிள்ளையளிட்டைக் கயிறைக் குடுத்து அனுப்பாதேங்கோ, பத்து நாய் சேந்த இடத்திலை பிள்ளைதான் கடிபடும். குட்டிக்கு மூண்டு மாசம் ஆகட்டும் எண்டு காத்திருக்கத் தேவையில்லை, மிருக வைத்தியரைக் கேட்டு முந்தியே போடலாம், பேந்து திரும்பப் போட வேணும். பெட்டை நாய்க்குக் கருத்தடையும் செய்து விட்டா சந்தையடியிலை குட்டி கொண்டுபோய் விடுற வேலையும் மிச்சம்.

பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லிக் குடுங்கோ, கடிபட்டா, பிறாண்டுப்பட்டா வந்து சொல்லு, அடிக்க மாட்டம் எண்டு. சொன்ன மாதிரி அடிக்காமலும் இருங்கோ. தங்கச்சி இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் குளிக்க வாக்கேக்கை கை கால் எல்லாம் திருப்பித் திருப்பிப் பாக்கிறவ, பொடியனுக்குக் கூச்சம். அவன்ர ஊசிக் கார்ட்டை நான் போன்லையும் படம் எடுத்து வைச்சிருக்கிறன், அசல் சொப்பிங் பாக்கிலை சுத்தி பிறப்புச் சான்றிதழோடை றங்குப் பெட்டியிலை இருக்கு, இன்னொருக்கா கடிபட்டா முதல்ல அதைத்தான் கேப்பினம்.